கோச்சை விரட்டும் நிதி

கில்ஃபாயில் கல்லூரி, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில், கடைசியாக எப்போது ஜெயித்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்வார்கள். கட்டிய மனைவியின் பிறந்தநாளை மறக்கிற ஆண்களுக்குக்கூட அந்த அக்டோபர் மழைநாள் மறக்கவில்லை. எதிரணிப் பையன்களில் பாதிப் பேர் முந்தின இரவு ஏதோ கெட்டுப்போன கோழியைத் தின்றுவிட்டு, ஆட்டம் முழுக்க மைதானத்துக்கும் கழிப்பறைக்குமாக அலைந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை 'காட்டெருமைகள்' என்று பெயர் வைத்துக்கொண்ட கில்ஃபாயில் அணி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது. கோழிக்குச் சேர வேண்டிய புகழை கோச் ராய்ஸ் டலிவருக்குக் கொடுத்துவிட்டது ஊர். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

மறுநாளே ஹார்லன் ப்ரீஸ் வந்து விளையாட்டுத் துறை இயக்குநர் லொரெட்டா கீஸ்லிங்கின் மேஜையைத் தட்டினார். ஹார்லன் பன்றித் தீவனம் விற்றுப் பணக்காரரானவர். கல்லூரியின் மைதானம், உடற்பயிற்சிக்கூடம், பெவிலியன், பனிக்கட்டி இயந்திரம் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. உடைமாற்றும் அறையில் ஆண்கள் நின்றபடி ஒன்றுக்குப் போகும் சுவரில்கூட, கண் மட்டத்தில், 'ப்ரீஸ் குடும்பத்தாரின் அன்பளிப்பு' என்று பித்தளைத் தகடு பளபளக்கும்.

"இவனை விட்டுடாதே கண்ணு. பெரிய காலேஜ்காரன் எவனாச்சும் கொத்திட்டுப் போயிடுவான். இப்பவே எழுதி வாங்கிப் பூட்டு" என்றார் ஹார்லன்.

பூட்டினார்கள். நீண்ட ஒப்பந்தம். நடுவில் கல்லூரி அவரை அனுப்பினால் மிச்ச வருஷங்களின் சம்பளம் மொத்தத்தையும் ஒரே தவணையில் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. அமெரிக்காவில் கோச்சுகளின் ஒப்பந்தங்களில் இது சகஜம். வேலைக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிட, வேலையை விட்டுத் துரத்தக் கொடுக்கும் சம்பளத்தில்தான் வக்கீல்கள் அக்கறை காட்டுவார்கள். லொரெட்டா கையெழுத்துப் போட்டாள். ஆனால் ராய்ஸைக் கொத்திக்கொண்டு போக எந்தப் பருந்தும் வரவில்லை. அவரும் ஜெயிக்கவில்லை.

அதற்கு ராய்ஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பது லொரெட்டாவுக்குத் தெரியும். கல்லூரித் தலைவர் டாக்டர் பெம்பர்டனுக்கு ஃபுட்பால் ஒரு விளையாட்டே அல்ல, மீன்வலை. ஐயோவாவின் சோளக்காட்டு ஊர்களில் உயர்நிலைப் பள்ளியில் பந்தைத் தொட்டுப் பார்த்த பையன் ஒவ்வொருவனிடமும் போய், "நீ காலேஜுக்கு ஆடலாம்" என்று சொன்னால் போதும். அப்பா நிலத்தை அடகு வைத்தாவது கட்டணம் கட்டிவிடுவார். ராய்ஸின் உண்மையான வேலை அந்த வலையை வீசுவதுதான். அவரும் வீசினார். மைதானத்தில் பதினோரு பேர் ஆட, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஓரத்தில் புத்தம் புதிய உடுப்பில் நின்றார்கள். ஒருவன் நாலு வருஷமும் உடுப்பில் ஒரு புல் கறை படாமல் நின்று, பட்டமும் வாங்கிக்கொண்டு போனான். அவன் அம்மா எல்லா ஆட்டத்துக்கும் வந்து படம் எடுத்தாள்.

லொரெட்டாவின் மனசு இருந்தது வேறு இடத்தில். கல்லூரிக்குப் பெண்கள் நெடுந்தூர ஓட்ட அணி ஒன்று உண்டு. கோச் இங்க்ரிட் நோர்டாலும் ஏழு பெண்களும். இங்க்ரிட் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாள். வேன் ஓட்டினாள், உடுப்புகளைத் தன் வீட்டு மெஷினில் துவைத்தாள், பெண்களின் காலுக்கு ஐஸ் வைத்தாள். அந்தப் பெண்கள் ஜெயித்தார்கள். மண்டலப் போட்டியில், மாநிலப் போட்டியில், போன இடமெல்லாம். லொரெட்டா தன் இருபதாவது வயதில் அதே அணியில், அதே மேட்டில் ஓடி, அதே முள்வேலி ஓரம் வாந்தி எடுத்தவள். இந்தக் கல்லூரியில் அவள் மனசார நேசித்த ஒரே விஷயம் அதுதான்.

அதைத்தான் மூட முடிவெடுத்தார் பெம்பர்டன்.

"வேற வழியில்லை லொரெட்டா. நவம்பர் கடைசியில தாங்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் பாருங்க. யாராவது செலவைப் பொறுப்பெடுத்துக்கிட்டா சரி. இல்லேன்னா இந்த சீசனோட முடிச்சுக்கலாம்."

"நம்ம காலேஜ்ல ஜெயிக்கிற அணி அது ஒண்ணுதான் சார்."

"ஏழு பொண்ணுங்கதானே ஜெயிக்கிறாங்க?" என்றார் பெம்பர்டன் வருத்தத்தோடு. "நூத்து நாப்பது பேர் தோத்தா நூத்து நாப்பது கட்டணம் வருது."

அவர் மோசமான மனிதர் அல்ல. கணக்கு தெரிந்த மனிதர், அவ்வளவுதான். அதுவே லொரெட்டாவுக்கு எரிச்சலை மூட்டியது.

இந்த ஓட்ட அணிக்கு நன்கொடை கேட்பதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பெயர் போட இடம் கிடையாது. பெவிலியன் இல்லை, கூரை இல்லை, ஸ்கோர்போர்டு இல்லை. பெண்கள் புல்மேட்டில் ஏறி, மரங்களுக்குப் பின்னால் மறைந்து, இருபது நிமிஷம் கழித்துச் சேறும் சளியுமாகத் திரும்பி வருவார்கள். மூச்சிரைப்புக்கு யார் பெயரை வைப்பது?

ஆனாலும் ஹார்லனிடம் கேட்டுப் பார்த்தாள். ஊர்ச் சாப்பாட்டுக் கடையில், தட்டைவிடப் பெரிதாகப் பொரித்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹார்லன் பொறுமையாகக் கேட்டார். அவள் பெண்களின் வெற்றிகளைச் சொன்னாள். டெஸ்ஸா என்ற பெண் மாநிலத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருத்தி என்றாள். காலில் கிழிந்த ஷூவோடு ஓடுகிறாள் என்றாள்.

"ஓடறதுக்கு எதுக்கு கண்ணு காசு?" என்றார் ஹார்லன். "எங்க வீட்டு நாய் சும்மாவேதான் ஓடுது."

"ஹார்லன், அந்தப் பிள்ளைங்க..."

"ஓடட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? நல்லா ஓடட்டும்." வாயைத் துடைத்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்தார். குரல் தாழ்ந்தது. "ராய்ஸை அனுப்பறதா இருந்தா சொல்லு. அதுக்கு எவ்வளவு வேணும்?"

"நீங்கதானே அவரைப் பூட்டி வைக்கச் சொன்னீங்க?"

"பூட்டுனவனுக்குத் திறக்கத் தெரியாதா? ரேட்டைச் சொல்லு."

அன்றைக்கு லொரெட்டாவுக்கு வந்த கோபத்தில், வழக்கமாகக் கொடுக்கும் டிப்ஸைக்கூட மறந்துவிட்டு எழுந்து போனாள். பாவம், பரிமாறிய பெண் என்ன பாவம் செய்தாள்?

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஹோம்கமிங் வாரம் வந்தது. காட்டெருமைகள் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றன. அது பரவாயில்லை, பழக்கமானதுதான். ஆனால் நம் ஆள் ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு முழு வேகத்தில் தப்பான பக்கம் ஓடினான். அவனைத் துரத்திப் பிடிக்க எதிரணியே சிரமப்படவில்லை. வழிவிட்டு நின்று கைதட்டியது. அன்று வாகன நிறுத்தத்தில், அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டும் பீர் குடித்துக்கொண்டும் இருந்த பழைய மாணவர்களிடையே ஹார்லன் தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார். ராய்ஸை அனுப்புவதற்கான நிதி. நூலகக் கூரை ஒழுகுகிறது என்று கல்லூரி எழுதிய கடிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்காத பல் டாக்டர்கள், வக்கீல்கள், டிராக்டர் வியாபாரிகள் எல்லாம் அங்கேயே வண்டிப் பானட்டின் மேல் வைத்துக் காசோலை எழுதினார்கள். ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் இருந்து கொடுத்தார். மாப்பிள்ளை பிடிக்கவில்லையாம். சாசேஜ் கருகுவதற்குள் ராய்ஸின் மொத்தச் சம்பளமும் சேர்ந்துவிட்டது.

லொரெட்டா ஒரு ஓரமாக நின்று பார்த்தாள். அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அவளுடைய பெண்கள் வருஷம் முழுக்க ஓடலாம். கேட்டால் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கவும் செய்தாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை ராய்ஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெரிய உடம்புக்காரர் நாற்காலியில் அடங்காமல் உட்கார்ந்து, தொகையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பாஸ், இது மொத்தமும் எனக்கா?"

"ஆமா கோச்."

"நான் ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருந்தா முதல் நாள்லேருந்தே ஒண்ணும் செய்யாம இருந்திருப்பேனே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நூத்து நாப்பது பசங்களைப் பிடிச்சுட்டு வான்னீங்க, வந்தேன். ஜெயிக்கச் சொன்னீங்களா? ஒரு தடவையாச்சும் சொன்னீங்களா பாஸ்?"

சொன்னதில்லை. லொரெட்டாவுக்கு முகம் சுண்டிப்போனது. தன்னைப் பற்றியே அவமானமாக இருந்தது. மேலே இருந்து கேட்டார்கள், கீழே இருப்பவரை அனுப்பினேன் என்பதைத் தவிர அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. "மன்னிச்சுடுங்க கோச்" என்றாள்.

"அட விடுங்க பாஸ். இந்தக் காசைப் பாத்தா எங்கம்மாகூட என்னை அனுப்பியிருப்பாங்க."

வேலை போன ராய்ஸுக்குச் சர்க்கரை வியாதி மிஞ்சியது. தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்க நல்ல இடம் எது என்று அவருக்குத் தெரிந்தது கல்லூரி மைதானம்தான். அங்கேதான் இங்க்ரிட்டின் பெண்களும் காலையில் பயிற்சி எடுப்பார்கள். அவர் ஒரு சுற்று நடந்து முடிப்பதற்குள் அவர்கள் அவரைப் பலமுறை தாண்டிப் போவார்கள். தாண்டும்போதெல்லாம் "குட் மார்னிங் கோச்" என்பார்கள். தோற்ற பையன்கள் யாரும் அவரிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. ஒரு நாள் சந்தோஷத்தில் இங்க்ரிட்டிடம், "விசில் ஊத ஆள் வேணும்னா சொல்லு. சும்மாவே ஊதறேன்" என்றார். இங்க்ரிட் அதை லொரெட்டாவிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள்தான் பயிற்சி? பிள்ளைங்ககிட்ட எப்ப சொல்லப் போறே?" என்று கேட்டாள். தாங்ஸ்கிவிங் நெருங்கிவிட்டது. லொரெட்டா எழுபது பேருக்கு மேல் பேசிப் பார்த்திருந்தாள். வந்த நன்கொடை ஒரு பெட்டி வாழைப்பழம்.

அன்று மத்தியானம் ஹார்லன் போன் செய்தார்.

"லொரெட்டா, அவன் வண்டி ஏன் நம்ம மைதானத்துல நிக்குது?"

"யார் வண்டி?"

"யார் வண்டின்னா? ராய்ஸ்! அந்தச் சிவப்பு பிக்கப்! மூணு நாளா பாக்கறேன். காலங்காத்தால உள்ளே போறான். பசங்க அவனை கோச்சுன்னு கூப்பிடறாங்களாம். என்ன நடக்குது அங்க?"

சர்க்கரைக்காக நடக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தாள் லொரெட்டா. அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை ஹார்லன்" என்றாள்.

"என்ன? என்ன சொல்லு!"

"ஓட்ட அணிக்கு உதவி கோச் இல்லை. ராய்ஸ் சும்மாவே வந்து செய்யறேன்னு சொல்லியிருக்கார்." அது பொய் அல்ல. விசில் ஊதுவதும் உதவிதானே?

"அந்த அணியைத்தான் மூடப் போறீங்களே?"

"மூடத்தான் போறோம். ஆனா பெம்பர்டனைத் தெரியும்ல உங்களுக்கு? சும்மா கிடைக்கிற எதையும் அவர் மூட மாட்டார்."

"சும்மாவா?" என்றார் ஹார்லன்.

"இன்னிக்கு விசில் ஊதறேன்னு வருவார்" என்றாள் லொரெட்டா, தன் குரல் இவ்வளவு சோகமாக வரும் என்று தானே எதிர்பார்க்காமல். "நாளைக்கு உதவி கோச். அடுத்த வருஷம் புது ஃபுட்பால் கோச் நடுவுல ஓடிட்டார்னா, பெம்பர்டன் ஜன்னல் வழியா பாப்பார். எதிர்ல யார் நிப்பா?"

"ஐயோ!" என்றார் ஹார்லன். இந்த ஊரில் வறட்சி வந்தபோதுகூட அவர் அப்படிக் கத்தியதில்லை. "துரத்தறதுக்குக் குடுத்த காசு தண்டமா?"

"அந்த இடத்துல வேற ஆள் இருந்தா ராய்ஸ் வர முடியாது. இங்க்ரிட்டுக்கு முழுச் சம்பளம், ஒரு உதவி கோச், வேன், ஷூ, போட்டிக்குப் போக வர... எல்லாம் நிறைவா இருந்தா சும்மா வேலை செய்ய வர்ற ஆளுக்கு அங்க என்ன வேலை?"

"எவ்வளவு?" என்றார் ஹார்லன்.

சொன்னாள். தனக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். அவர் பேரம்கூடப் பேசவில்லை. நாய் சும்மாதான் ஓடுகிறது என்ற பேச்சும் வரவில்லை. ஆனால் பன்றித் தீவனம் விற்றவர், முழு முட்டாள் அல்ல.

"மொத்தமா குடுக்க மாட்டேன். வருஷா வருஷம் குடுக்கறேன். அவன் இந்தப் பக்கம் வர்ற ஆபத்து இருக்கற வரைக்கும் குடுப்பேன். இல்லேன்னா நிறுத்திடுவேன். பேர் கீர் எதுவும் போட வேண்டாம், ஊர் சிரிக்கும்."

பெம்பர்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஹார்லனுக்கு ஓட்டத்துல இவ்வளவு ஆர்வம்னு எனக்குத் தெரியாதே!" என்றார். "மனசு மாறிட்டார் சார்" என்றாள் லொரெட்டா. இங்க்ரிட்டுக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள். இங்க்ரிட் நம்பாமல் அவளையே பார்த்தாள். "ராய்ஸைப் பிடிக்காததுக்கா எங்களுக்குக் காசு?" என்றாள். "ஆமா. யாரையும் பிடிச்சுப்போய் காசு குடுக்கறதில்ல இந்த ஊர்ல" என்றாள் லொரெட்டா. சொல்லும்போது சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. முப்பது வருஷமாக வெற்றிகளை அடுக்கி அடுக்கிக் காட்டிப் பிச்சை கேட்டவள் அவள். ஒரு பிக்கப் வண்டி மூன்று காலை நின்றதில் காரியம் நடந்துவிட்டது.

பெண்களுக்கு ஷூ வந்தது. வேன் வந்தது. டெஸ்ஸாவுக்குத் துணையாக நல்ல ஓட்டக்காரிகள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் ராய்ஸ் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். கடற்கரையில் வீடு, ஒரு படகு. மீனைப் பிடித்துத் தூக்கிக் காட்டும் படங்களை லொரெட்டாவுக்கு அனுப்பினார். ஒவ்வொரு படத்தையும் ஹார்லன் கண்ணில் படாமல் லொரெட்டா உடனே அழித்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மண்டல இறுதிப் போட்டி கில்ஃபாயிலிலேயே நடந்தது. ஹார்லன் தன் வண்டியில் வந்து மேட்டுக்குக் கீழே நிறுத்தினார். கில்ஃபாயில் பெண்கள் அவர் தங்கள் பரம ரசிகர் என்று நினைத்துக் கையசைத்தார்கள். அவர் கண் வாகன நிறுத்தத்தையே துழாவிக்கொண்டிருந்தது.

"அவன் வண்டியைக் காணோமே" என்றார் லொரெட்டாவிடம். "ஃப்ளோரிடாவுல தொலைஞ்சுட்டான்னு முடிவெட்டற கடையில பேசிக்கிறாங்க. நிஜமா?"

"மீன் பிடிக்கப் போயிருக்கார்."

"அப்ப ஆபத்து முடிஞ்சுதுன்னு சொல்லு." எடுத்த காசோலைப் புத்தகத்தை மறுபடி பைக்குள் போடப் போனார். "சந்தோஷம். அந்தச் செலவு மிச்சம்."

மேட்டுக்குப் பின்னால் இருந்து கைதட்டல் சத்தம் கேட்டது. ஓட்டக்காரிகள் மரங்களைத் தாண்டித் திரும்பும் நேரம். லொரெட்டாவுக்குக் கோபம் வந்தது, ஹார்லன் மேல், பெம்பர்டன் மேல், ஃப்ளோரிடா மீன்கள் மேல். அவள் போனை எடுத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்து ராய்ஸைக் கூப்பிட்டாள்.

"கோச், லொரெட்டா பேசறேன். ஹார்லன் பக்கத்துலதான் இருக்கார். நீங்க திரும்பி வர மாட்டீங்களான்னு கேக்கறார்."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. ராய்ஸ் டலிவர் ஆட்டத்தில் சுமார்தான். ஆனால் ஆளைப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர். நூற்று நாற்பது அப்பாக்களிடம் பேசிய வாய் அது.

"ஹார்லன்! எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று முழங்கினார். "இங்க போரடிச்சு உயிர் போகுது. எனக்கு நம்ம ஊர்தான் வேணும். அந்த விசில் வேலை இன்னும் காலியா இருக்கா பாஸ்? நான் நாளைக்கே கிளம்பறேன். சம்பளமே வேண்டாம்! சாகற வரைக்கும் சும்மாவே செய்யறேன்!"

ஹார்லனின் முகத்தில் ரத்தம் இல்லை. "வேணாம்னு சொல்லு. ஆள் இருக்குன்னு சொல்லு. போனை வை" என்று கிசுகிசுத்தார். காசோலைப் புத்தகத்தைப் பானட்டின் மேல் விரித்து, குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அப்போதுதான் மேட்டின் மேல் டெஸ்ஸா தெரிந்தாள். தனியாக வந்தாள். பின்னால் வெகுதூரத்துக்கு எவரும் இல்லை. அவளுக்கு அடுத்து நம் பெண் இன்னொருத்தி, அவளுக்கு அடுத்தும் நம் பெண். முட்டி வரை சேறு, வாயில் நுரை, கண்ணில் வெறி. இங்க்ரிட் கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்தினாள். டெஸ்ஸா கோட்டைத் தாண்டி விழுந்தாள், மற்றவர்கள் அவள் மேல் விழுந்தார்கள், அந்தக் குவியலில் இருந்து கூச்சலும் சிரிப்பும் கிளம்பின. லொரெட்டாவுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. இருபது வயதில் ஓடியபோதுகூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஹார்லன் தலையை நிமிர்த்தாமல் கையெழுத்தைப் போட்டார்.

"அங்க என்ன சத்தம்?"

"நம்ம பொண்ணுங்க ஜெயிச்சுட்டாங்க ஹார்லன்."

"எதுல?" என்று கேட்டபடி, காசோலையைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.